சைக்கிளில் பின்னாலிருந்து சொன்னது

தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் ஒருவர் இறந்துபோனால், கோயிலில் எழுந்து நின்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். பிறந்தது, படித்தது, மணமுடித்தது, பார்த்த உத்தியோகம், பெற்ற பிள்ளைகள், கடைசியாக வந்த வியாதி. அந்தக் குறிப்பில் இதுவரை யாரும் கெட்டவராக இருந்ததில்லை. சபைக் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கி வீசினவரும், கட்டின பெண்டாட்டியிடம் சிரித்து ஒரு வார்த்தை பேசாதவரும் அந்தப் பத்து நிமிஷத்துக்கு உத்தமர்தான். தேவபிரசாதம் வாத்தியார் விஷயத்தில் அந்தச் சங்கடம் இல்லை. உள்ளதைச் சொன்னாலே போதும். ஆனால் உள்ளது அத்தனையையும் சொல்ல முடியுமா என்பதுதான் அவர் மனைவி அற்புதமணியின் கஷ்டமாக இருந்தது.

வாத்தியார் 1978ஆம் வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் நெஞ்சு வலியில் போய்விட்டார். மகன் ஜெயசிங் சரக்குக் கப்பலில் வேலை. தந்தி அவனுக்குக் கிடைத்து, அவன் கப்பலை விட்டு இறங்கி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நினைவு ஆராதனை வைத்து, அதில் குறிப்பை விரிவாக வாசிக்கலாம் என்று சபைப் போதகரான ஐயர் சொல்லிவிட்டார். வாசிக்கிற பொறுப்பு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் பொன்னுதுரைக்கு வந்தது. அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேனாவும் தாளுமாக வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, பட்டாளத்துல எந்த எடத்துல இருந்தாவ? பர்மாதானே?”

“பர்மா எல்லையில. பீரங்கியில இருந்தாவ.”

“வீட்டுல அதப் பத்திப் பேசுவாவளா?”

“பேசமாட்டாவ” என்றாள் அற்புதமணி.

பேசியிருக்கிறார். அவளிடம் மட்டும். சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிச் செம்மணலில் பிறந்து, நாசரேத்தில் படித்து, வேலை கிடைக்காமல் சுற்றித் திரிந்த பையன் யுத்த காலத்தில் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்தான். பீரங்கி வெடிக்கும்போது காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. ஆனால் குண்டை எடுத்துக் கொடுக்கிறவனுக்கு இரண்டு கையும் குண்டில்தானே இருக்கும். அவன் எதைக் கொண்டு பொத்துவான்? இடது காது பர்மாவிலேயே போய்விட்டது. வலது காது அவரோடு ஊர் வந்து, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டது.

பட்டாளத்தை விட்டு வரும்போது டாக்டரிடம் அவர் அதைச் சொல்லவில்லை. வாத்தியார் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று அவருக்குள் ஒரு ஆசை இருந்தது. காது கேட்காதவனை யார் வாத்தியாராக வைப்பார்கள்? டாக்டர் முகத்தைப் பார்த்து, உதடு அசைவதைப் பார்த்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அந்த வித்தையை அதன் பிறகு அவர் விடவே இல்லை. பெரிய மீசைக்காரர்களிடம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு.

கல்யாணமான புதிதில் அடுப்படியிலிருந்து அற்புதமணி “சாப்பிட வாங்க” என்று கூப்பிடுவாள். மனுஷன் திரும்ப மாட்டார். பிடிக்காத பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அந்த வாரம் முழுவதும் அழுதாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். “உங்கிட்ட மட்டுந்தான் சொல்லுதேன். வெளிய தெரிஞ்சா எம் பொழப்பு போச்சு” என்றார். அவள் சத்தியம் ஒன்றும் பண்ணவில்லை. தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். அந்தத் தலையாட்டலை அவள் கடைசிவரை காப்பாற்றினாள். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறாள்.

“சிலேட்டு விசயத்தக் கண்டிப்பா எழுதணும்க்கா” என்றார் பொன்னுதுரை. “இன்ஸ்பெக்டரே பாராட்டுன முறைல்லா.”

அந்தச் சிலேட்டு விஷயம் ஊரறிந்தது. பட்டாளத்து வாத்தியாரின் வகுப்பில் எவனும் வாயைத் திறந்து பதில் சொல்லக் கூடாது. கணக்கைப் போட்டு, சிலேட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார். மற்ற வகுப்புகளில் முன் பெஞ்சுக்காரன் நாலு பேர் கத்துவதோடு பாடம் முடிந்துவிடும். இவர் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனும் தப்ப முடியாது. உப்பளத்தில் வேலை செய்கிற சந்தனமாரியின் மகன் திக்குவாயன். வேறு எந்த வகுப்பிலும் எழுந்து நிற்கப் பயப்படுவான். இவர் வகுப்பில் அவன் சிலேட்டுதான் முதலில் மேலே போகும். அந்தப் பையன் பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அளவுக்கு வந்தான். வாத்தியாரின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் அவனும் ஒருவன்.

இன்ஸ்பெக்டர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, இது புதிய முறை, மற்றவர்களும் பின்பற்றலாம் என்று எழுதிவைத்துப் போனார். வாத்தியார் அன்று வீட்டுக்கு வந்து அற்புதமணியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, “புள்ளைகள ஏமாத்துதேனோன்னு இருக்கு” என்றார்.

“நல்லாப் படிக்குதுல்லா, பெறவு என்ன?” என்றாள் அவள்.

கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அற்புதமணி நடைபாதையை ஒட்டி உட்காருவாள். அவர் எதிர்ப்பக்கம் உட்காருவார். அவள் எழுந்தால் எழுவார், அவள் முழங்கால் படியிட்டால் இவரும் படியிடுவார். பெண்டாட்டிமேல் வைத்த கண்ணை எடுக்காத மனுஷன் என்று பெண்கள் அவளைக் கேலி பண்ணுவார்கள். கீர்த்தனை பாடும்போது மட்டும் ராகம் ஒரு பக்கம் போகும், வாத்தியார் ஒரு பக்கம் போவார்.

வீட்டிலும் அவள் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். ஜெயசிங்குக்கும் மகள் கிருபைக்கும் விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிவைத்தாள். “அப்பாவப் பின்னால நின்னு கூப்பிடக் கூடாது. முன்னால வந்து, முகத்தப் பாத்து, நிறுத்திப் பேசணும். அதான் மரியாதை.” பிள்ளைகள் அதை மரியாதை என்றே நம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வளர்க்க வேண்டும் என்று தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச எந்தப் பையனுக்குத் தைரியம் வரும்? அதனால் எல்லாப் பேச்சும் அவள் வழியாகவே போனது. “அப்பாட்ட சொல்லுங்கம்மா” என்பான் மகன். “அவன்ட்ட சொல்லு” என்பார் தகப்பன். போகிற வழியில் அவள் இரண்டு பக்கத்துப் பேச்சிலும் கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் கொண்டுபோனாள்.

ஜெயசிங் ஆறாம் வகுப்பிலிருந்து நாசரேத்தில் போர்டிங்கில் தங்கிப் படித்தான், பிறகு பாளையங்கோட்டையில் காலேஜ் ஹாஸ்டல். லீவுக்கு வந்து போகிற பிள்ளை. அப்பா கோபக்காரர், கூப்பிட்டால் திரும்ப மாட்டார், நினைத்தால் பேசுவார் என்று அவனாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். அவர் கோபக்காரரே இல்லை. ராத்திரி அவன் தூங்கின பிறகு போர்வையை இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டுப் போகிறவர். அதை அவனிடம் யார் சொன்னார்கள்?

1972இல் அவன் பி.எஸ்ஸி. முடித்தான். அவனை வாத்தியார் பயிற்சியில் சேர்க்க அப்பா நாசரேத்தில் சொல்லி இடம் வாங்கியிருந்தார். அவனுக்கோ கப்பல்மேல் ஆசை. பம்பாயில் ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டாளி ஒருவன் சொல்லியிருந்தான். வழக்கம்போல அம்மாவிடம் வந்து நின்றான்.

“நீங்களே அப்பாட்ட சொல்லிருங்கம்மா.”

வாழ்நாளில் அந்த ஒரு தடவை அற்புதமணி மாட்டேன் என்றாள். நாசரேத்தில் இடம் கிடைத்த அன்று அவர் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டதை அவள் பார்த்திருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் போய் நின்று இதைச் சொல்ல அவளால் ஆகாது. “பெரிய ஆம்பளையாயிட்ட. இத நீயே சொல்லு” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் வாத்தியார் மகனைப் புதுத் துறைமுகம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அப்போது கடலுக்குள் கல்லைக் கொட்டிக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைப் பார்ப்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது. இளந்தாரி மகன் இருக்க, அவர்தான் சைக்கிளை மிதித்தார். “பட்டாளத்தான் கேரியர்ல உக்காந்து போறதா?” என்று அவன் கையிலிருந்து ஹேண்டில்பாரை வாங்கிக்கொண்டார். பொழுது சாய்கிற நேரத்தில் இருவரும் திரும்பினார்கள். அவர் முகம் மலர்ந்திருந்தது. அவன் முகம் செத்துப்போயிருந்தது.

அவர் கிணற்றடிக்குப் போனதும் அவன் அடுப்படிக்கு வந்தான்.

“சொல்லிட்டேன்.”

“அப்பா என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல. திரும்பிக்கூடப் பாக்கல. அவிய பாட்டுக்கு மிதிச்சிட்டே வந்தாவ.”

அற்புதமணியின் கையிலிருந்த அகப்பை நின்றுவிட்டது. “எங்கன வச்சுச் சொன்ன? முன்னால நின்னு சொன்னியாலே?”

“சைக்கிள்ல வரும்போது சொன்னேன். பின்னால இருந்து.”

“முன்னால நின்னுல்லா சொல்லணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

அவன் அம்மாவை ஒரு பார்வை பார்த்தான். “எம் பொழப்பே போவுது. இப்ப மரியாதைதான் உங்களுக்குப் பெருசா?” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். எய்யா, அப்பாவுக்குக் காது கேட்காது, கடற்காற்றில் நீ பேசினது அவர் சட்டையைக்கூடத் தொட்டிருக்காது என்று ஒரு வாக்கியம். அவள் வாய்வரை வந்தது. ஆனால் அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கோபத்தில் இருக்கிற பிள்ளை கூட்டாளிகளிடம் உளறிவிட்டால், அது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டால், கிருபையின் படிப்பு, கல்யாணம் எல்லாம் என்ன ஆவது? ராத்திரி ஆறட்டும், விடிந்ததும் அவனையும் அவரையும் உட்காரவைத்து நானே பேசிவிடுகிறேன் என்று நினைத்தாள். விடிந்தபோது அவன் முதல் பஸ்ஸில் போயிருந்தான்.

கப்பலில் சேரப் போயிருப்பான் என்று மட்டும் அவள் சொன்னாள். வாத்தியார் பஸ் ஸ்டாண்டிலும் ரயில்வே ஸ்டேஷனிலும் போய்த் தேடிவிட்டு, வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வந்தார். “போறதப் பத்தி இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு அவனுக்குத் தோணலியே” என்றார். அப்போதும் அவள் சொல்லவில்லை. சொன்னான், உங்கள் காதில் விழவில்லை என்று எப்படிச் சொல்வது? உங்கள் காதுதான் உங்கள் மகனை அனுப்பிவிட்டது என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதானே. அவர் உடைந்துபோவார் என்று பயந்தாள். சொல்லாததால் அவர் உடையாமல் இருந்துவிடவில்லை. “பட்டாளம் மாதிரி வளத்துட்டேன் போல. பயந்துட்டான் பிள்ள” என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார். வகுப்பில்கூட அவர் குரல் தணிந்துவிட்டது.

புதுத் துறைமுகம் திறந்த பிறகு ஞாயிறு சாயங்காலங்களில் அங்கே போய் வெளிவாசலில் நிற்பார். கப்பலிலிருந்து இறங்கி வருகிற பையன்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எந்தக் கப்பல், எங்கே போகிறது என்று எதுவும் கேட்க மாட்டார். கேட்டாலும், நிற்காமல் நடந்துகொண்டே சொல்கிற பதில் விளங்காது. இருட்டினதும் சைக்கிளை மிதித்து வந்துவிடுவார்.

மகன் அம்மாவுக்கு மட்டும் கடிதம் எழுதுவான், ‘அனைவரும் சுகமா’ என்று. கிருபையின் கல்யாணத்துக்கு 1976இல் வந்தான். அதற்குள் அப்பா ஓய்வு பெற்றிருந்தார். காது மந்தம் என்று இப்போது வெளியே சொல்வதில் பயமில்லை. ஊரும் வயசாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டது, மகனும் அப்படியே எடுத்துக்கொண்டான். கல்யாணப் பந்தலில் அவர் அவன் தோளில் கைவைத்து நின்றார். அவன் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டு, பந்தி பார்க்கப் போகிறேன் என்று விலகிப் போனான். வீடு நிறைய விருந்தாளிகள். இவர்கள் எல்லாரும் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று அற்புதமணி காத்திருந்தாள். விருந்தாளிகள் கிளம்புவதற்கு முன்பே அவன் போய்விட்டான்.

நினைவு ஆராதனைக்கு முந்தின நாள் ஜெயசிங் வந்து சேர்ந்தான். கல்லறைக்குப் போய்விட்டு வந்தான். அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. பழைய மாணவர்களில் பாதிப் பேர் வெளியே நின்றார்கள். பொன்னுதுரை குறிப்பை நன்றாகவே வாசித்தார். நாட்டுக்காகப் போரிட்ட வீரர், பள்ளிக்கூடமே உயிரென்று வாழ்ந்த ஆசிரியர் என்றெல்லாம் வந்தது. “பிள்ளைகள்மேல் மாறாத அன்பு கொண்ட குடும்பத் தலைவர்” என்று வாசித்தபோது அற்புதமணி நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தாள். அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். அந்த வரியைக் கேட்டு அவன் மெல்லச் சிரித்தான். இளக்காரமான சிரிப்பு. அவர் இறந்த அன்றுகூட அவளுக்கு அப்படி வலிக்கவில்லை. தன் புருஷனை மகன் மனசில் இனிமேலும் இப்படி விட்டுவைக்கக் கூடாது என்று அவள் முடிவு பண்ணினாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்தார்கள். கிருபை புறவாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சாயங்கால ரயிலுக்காக ஜெயசிங் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“எய்யா, கொஞ்சம் உக்காரு. அப்பாவப் பத்தி ஒண்ணு சொல்லணும்.”

“சார்தான் எல்லாம் வாசிச்சிட்டாரே” என்றான் அவன், தலை நிமிராமல். “மாறாத அன்புன்னு. போறேன்னு சொன்ன மவன திரும்பிப் பாக்காத அன்பு.”

“அவியளுக்கு நீ சொன்னது கேக்கலய்யா.”

அவன் கை நின்றது.

“பட்டாளத்துலயே ஒரு காது போயிட்டு. மத்ததும் அன்னைக்கு முக்காலே மூணு வீசம் கெடையாது. முகத்தப் பாத்தாத்தான் வெளங்கும். வேலை போயிருமேன்னு மறைச்சோம். உங்ககிட்டயும் மறைச்சோம். முன்னால நின்னு பேசணும்னு நான் சொன்னதெல்லாம் அதுக்குத்தான்.”

அவன் மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தான். கிருபை வாசல்படியில் வந்து ஈரக்கையோடு நின்றாள்.

“நான் அன்னைக்குப் போறேன்னு மட்டும் சொல்லலம்மா” என்றான். “நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா, நான் போகல, வாத்தியார் வேலைக்கே போறேன்னு சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன். உப்பளம் தாண்டி வாரவரைக்கும் பதிலுக்குப் பாத்துட்டே வந்தேன்.”

இது அற்புதமணிக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அவன் போகத்தான் துணிந்திருந்தான் என்று நினைத்து அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அவர் காதில் அது விழுந்திருந்தால் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மகனைக் கட்டிப்பிடித்திருப்பார். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பேசினேன்னாவது அப்பாவுக்குத் தெரியுமா? பெறவு நீங்க சொன்னியளா?”

“இல்ல.”

“ஆறு வருசத்துல ஒருநாளும்?”

“இல்லய்யா. அவிய மனசு தாங்காதுன்னு…”

“அப்ப, நான் ஒரு வார்த்த சொல்லாம ஓடிட்டேன்னு நெனச்சுக்கிட்டேதான் அப்பா போனாவளா?”

“ஆமா” என்றாள்.

ஜெயசிங் அதற்குப் பிறகுதான் அழுதான். சின்னப் பிள்ளையில் அழுதது மாதிரி வாய்விட்டு அழுதான். கிருபை போய் அவனைப் பிடித்துக்கொண்டாள். அற்புதமணி பக்கத்தில் போகக் காலெடுத்தாள். அவன் கையை நீட்டி வேண்டாம் என்று தடுத்தான்.

அன்றைக்கு அவன் ரயில் ஏறவில்லை. லீவு தீரும்வரை வீட்டிலேயே இருந்தான். காலையும் மாலையும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்தான். தட்டில் போட்டதைச் சாப்பிட்டான், மழைத் தண்ணீர் ஒழுகின இடத்தில் ஓடு மாற்றினான், கிருபையிடம் பேசினான். தாயிடம் மட்டும் பேசவில்லை. அவன் கேட்பதைக் கிருபை வந்து கேட்பாள், அற்புதமணி கிருபையிடம் பதில் சொல்லி அனுப்புவாள். அவன் புறப்பட்டுப் போன அன்றும் அப்படித்தான் நடந்தது. தனக்கு இது வேண்டியதுதான் என்றே அற்புதமணிக்குப் பட்டது.